மழை விட்ட பின் வந்த இரண்டு மாதங்கள்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத் தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்களே, இந்த வெயிலிலும் சைக்கிளிலேயே கூட்டத்துக்கு வந்து சேர்ந்திருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, உடன் வந்திருக்கும் குடும்பத்தினரே, எல்லோருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நம் மூத்தோர் சைக்கிள் சங்கம் நடந்த விதத்தை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். செயற்குழுக் கூட்டங்கள் முறைப்படி நடந்தன. தீர்மானங்கள் மினிட் நோட்டில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கோடையில் விடியும் முன்னே ஒரு சிறு சுற்று, ஆடிக் காற்றில் அதுவும் பாதி. அதைப் பற்றி விரிக்க ஒன்றுமில்லை. இந்த அறிக்கையின் பெரும்பகுதியைத் தை, மாசி இரண்டு மாதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன். நம் வயதுக்காரர்கள் வடசென்னையில் நிம்மதியாக சைக்கிள் மிதிக்க ஆண்டில் கிடைப்பது அந்த இரண்டு மாதம்தான். அதை வீணாக்காமல் இருப்பது எப்படி என்பதை இந்த ஆண்டுதான் ஓரளவு சரியாகச் செய்தோம் என்பது என் எண்ணம்.

மழைக்காலம் எப்படிப் போனது என்று உங்களுக்கே தெரியும். அக்டோபர் 15 அன்று பெய்த பெருமழையில் தொடங்கியது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, அன்று பகல் முழுக்க இங்கே விடாத மழை. அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்து எர்ணாவூர், எண்ணூர் பகுதிகளில் வீட்டுச் சுவரெல்லாம் கறுத்துப்போனதை நேரில் பார்த்த உறுப்பினர்கள் இங்கே இருக்கிறார்கள். வானம் கொஞ்சம் இருட்டினாலே அவர்களுக்கு மனசு கலங்கிவிடுகிறது. ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் யாரையும் வண்டி எடுக்கச் சொல்லவில்லை. தண்ணீர் தேங்கிய தெருவில் பள்ளம் எது, மூடி இல்லாத மழைநீர்க் குழி எது என்று யாருக்கும் தெரியாது. அறுபதைத் தாண்டிய எலும்பு ஒருமுறை முறிந்தால் கூடுவதற்கு மாதக்கணக்காகும்.

மார்கழி பிறந்து மழை ஓய்ந்ததும், வண்டிகளைப் பிரித்துத் துடைத்துச் சரிசெய்ய ஓவராயில் நாள் வைத்தோம். இதை ஒரு நிகழ்ச்சியாகவே நடத்த வேண்டும் என்று சொன்னவர் நம் டீச்சரம்மா. ஓய்வு பெற்ற பிறகே சைக்கிள் கற்றுக்கொண்டவர். இன்று நம்மில் பலரைவிட நிதானமாக ஓட்டுகிறார். பழைய வண்ணாரப்பேட்டையில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் தம்பி பானா, ஸ்பேனர், மண்ணெண்ணெய்த் தட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்து நமக்காக ஒரு நாளை ஒதுக்கினார். பின்சக்கரத்தைக் கழற்றி, அதன் நடுவிலுள்ள ஹப்பைத் திறந்து காட்டினார். உள்ளே கிரீஸ் இல்லை. மழைநீர் கலந்து மோர் மாதிரி வெளுத்துப்போன ஒரு குழம்புதான் இருந்தது. பால்ரஸ் என்கிற சிறு இரும்புக் குண்டுகளைக் கையில் கொட்டிப் பார்த்தோம், பாதிக்கு மேல் பளபளப்புப் போய்ப் பொரிப்பொரியாக இருந்தது. "சார், இத இப்டியே மிதிச்சீங்கன்னா கோன் தேஞ்சுரும். அப்புறம் கிரீஸ் வெச்சி பிரயோஜனம் இல்ல, ஹப்பையே மாத்தணும்" என்றார். கோன் என்பது அந்தக் குண்டுகளைத் தாங்கும் கூம்பு. வெளியே பார்த்தால் அந்த வண்டி பளிச்சென்றுதான் இருந்தது. மழைக்காலம் முழுக்கப் படிக்கட்டுக்கு அடியில் நின்ற வண்டி அது. ஓட்டாத வண்டிக்கு என்ன கேடு என்று நினைத்தவர்கள் எல்லாரும் அன்று தங்கள் வண்டியையும் திறந்து பார்த்தார்கள். செயினை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, எண்ணெய் விட்டார்கள். இறுகிப்போன பிரேக் கட்டைகள் மாறின. காசிமேட்டுப் பக்கம் குடியிருப்பவர்களின் ரிம்மும் ஸ்போக்கும் துரு ஏறி இருந்தன. கடற்காற்றின் உப்பு இரும்பை விடாது; அவர்கள் மாதம் ஒரு தரமாவது எண்ணெய்த் துணியால் துடைத்தே ஆகவேண்டும்.

அன்றே சீட் உயரத்தையும் பார்த்தோம். கால் தரையில் முழுசாக ஊன்ற வேண்டும் என்று நம்மில் பலர் சீட்டைத் தாழ்த்தி வைத்திருக்கிறோம். மிதிக்கும்போது முட்டி அளவுக்கு மீறி மடங்குகிறது, முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது. பெடல் கீழே இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டு, முட்டியில் லேசான மடிப்பு மட்டும் இருந்தால் போதும். சீட்டைக் கொஞ்சம் ஏற்றிய பிறகு முட்டிவலி குறைந்ததாகச் சொன்னவர்கள் உண்டு. இறங்கும்போது பழக்கம் வர ஓரிரு வாரம் ஆகும். அதுவரை சுவர் ஓரமாக இறங்கிப் பழகுங்கள்.

போகிப் புகையில் யாரும் வண்டி எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தோம், எல்லோரும் கேட்டீர்கள். பொங்கல் கழிந்த ஞாயிறு முதல் ஓட்டம். வழக்கம்போல் இராயபுரம் ரயில் நிலையத்தின் முன்னால் கூடினோம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் புறப்பட்ட இடத்திலிருந்து நாமும் புறப்படுவதில் நமக்கெல்லாம் ஒரு பெருமை உண்டு. மூன்று மாதம் சும்மா இருந்த கால்கள் என்பதால், முதல் வாரம் காசிமேட்டைத் தாண்டுவதில்லை என்று முடிவு செய்திருந்தோம். அடுத்தடுத்த வாரங்களில் ஆறேழு கிலோமீட்டர் தள்ளித் திருவொற்றியூர் கோயில் வரை, அதற்குப் பிறகுதான் எண்ணூர். இப்படிப் படிப்படியாகப் போனதால் இந்த ஆண்டு தசைப்பிடிப்பு என்று பாதியில் ஆட்டோ ஏறியவர் ஒருவரும் இல்லை.

அந்த விடியற்காலைகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மஃப்ளர் கட்டிக்கொண்டுதான் கிளம்பினோம். மழை கழுவிய வானம், தூசி அடங்கிய காற்று. வலது பக்கம் கருங்கல் தடுப்புக்கு அப்பால் கடல். துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்துகொண்டே போக, வடக்கே நம் கரையைக் கடல் அரித்துக்கொண்டே வந்தது. அதைத் தடுக்கக் கொட்டிய கற்கள் அவை. எண்ணூர் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து, 2017-ல் அது மூடப்படும் முன்பே ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர், "இதே ரோட்டுல எத்தன வருஷம் ஷிஃப்டுக்கு ஓடியிருக்கேன், ஒரு நாள் கூட கடலப் பாத்ததில்ல, கடியாரத்ததான் பாத்தேன்" என்றார். அன்று அவர் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். நாங்களும் டீ சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். அவசரம் யாருக்கும் இல்லை. இப்படிக் காத்திருக்க முடிவதுதான் ஓய்வுக்காலம் தந்திருக்கும் பெரிய சொத்து என்று நான் நம்புகிறேன்.

காற்றைப் பற்றி ஒன்று குறித்துக்கொள்ள வேண்டும். தையில் வாடை வீசுகிறது. வடக்கே எண்ணூர் போகும்போது எதிர்க்காற்று. திரும்பும்போது முதுகில் தள்ளிக்கொண்டு வந்து விடும். களைத்த நேரத்தில் காற்று உதவுவதால் தையில் தூரம் போகலாம். மாசி முடியும்போது காற்று தெற்குப் பக்கம் திரும்பிவிடுகிறது. போகும்போது சிறகு முளைத்தது போலத் தோன்றும், திரும்புகாலில் வெயிலும் எதிர்க்காற்றும் சேர்ந்துகொள்ளும். ஆகவே பங்குனியில் திருவொற்றியூரோடு திரும்பிவிடுவது நல்லது. மாசிப் பெருவிழா நடக்கும் நாட்களில் கோயில் வீதிகளுக்குள் வண்டியை ஓட்டாமல், தள்ளிக்கொண்டு போங்கள்.

பிப்ரவரியில் பழவேற்காடு போனோம். சைக்கிள்களைக் குட்டி யானை என்கிற சிறு சரக்கு வண்டியில் ஏற்றிப் பொன்னேரி வரை அனுப்பிவிட்டு, நாம் மின்சார ரயிலில் போய், அங்கிருந்து மிதித்தோம். கூட்டம் கூட்டமாகப் பூநாரைகள் ஆழமில்லாத தண்ணீரில் தலையைக் கவிழ்த்து இரை தேடிக்கொண்டிருந்தன. டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்தையும் பார்த்தோம். வரும் ஆண்டில் வீட்டாரையும் வேனில் அழைத்துவர வேண்டும் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள், ஏற்பாடு செய்வோம்.

ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற நம் பெரம்பூர் அண்ணன் இந்தக் காலம் முழுக்கக் கனடாவில், டொராண்டோவில் மகள் வீட்டில் இருந்தார். இம்மாதத் தொடக்கத்தில்தான் திரும்பினார். இன்று முன்வரிசையில் இருக்கிறார். பிப்ரவரி நடுவில் அங்கே அடுத்தடுத்துக் கொட்டிய பனியில் வாசற்படியே மறைந்துபோன படத்தை அனுப்பியிருந்தார். மார்ச் கடைசியில் பனி உருகியதும் மருமகனின் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைப் பாதையில் போய்விட்டு அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை குழுவில் எல்லோரும் கேட்டோம். "ரோட்டுல பனி உறையக் கூடாதுன்னு உப்பக் கொட்றாங்கப்பா. நம்ம காசிமேட்டு செயின் எப்டி இருக்குமோ, அதே துரு இங்கயும்" என்றார். விரிசலில் இறங்கும் தண்ணீர் உறைந்து விரிவதால் சாலை பெயர்ந்து பள்ளமாகிறது, பனிக்காலம் முடிந்தும் ஓரத்தில் மணலும் சரளையும் கிடக்கின்றன, திருப்பத்தில் டயர் வழுக்கும் என்று விவரமாகச் சொன்னார். கையுறை இரண்டு ஜோடி போட்டும் விரல் மரத்துப்போனதாம். ஆனால் அன்று பாதை நெடுக அவர் வயதுக்காரர்கள் தெரியாத மனிதருக்கும் கையசைத்துக்கொண்டு போனார்கள் என்று சொல்லும்போது அண்ணன் குரலில் இருந்த சந்தோஷம், தையில் நம் எல்லோர் குரலிலும் இருந்ததுதான்.

கன்டெய்னர் லாரிகள் பற்றிய கவலை நீடிக்கிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் விடியும் முன் விளக்கோ, ஒளிரும் ஸ்டிக்கரோ இல்லாமல் ஓரத்தில் நிற்கும் ட்ரெய்லர்களால் நாம் நடுச்சாலைக்கு ஏற வேண்டியிருக்கிறது. உரிய அலுவலகத்துக்கு எழுதினோம், பதில் வரவில்லை. மீண்டும் எழுதுவோம், நேரிலும் போவோம். அதுவரை ஒற்றை வரிசை, பின்னால் சிவப்பு விளக்கு, வெளிச்சம் வந்த பிறகே புறப்பாடு. இதில் விட்டுக்கொடுக்க முடியாது.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிள்களின் நட்டு போல்ட்டை முடுக்கி, பிரேக்கைச் சரிசெய்து கொடுக்கும் வேலையை நம் ஃபிட்டர் உறுப்பினர்கள் தொடர்ந்து செய்தார்கள். அவர்களுக்கு நன்றி.

இந்த ஆண்டு ஒருவரை இழந்தோம். பின்னி மில்லில் வேலை பார்த்தவர்; 1996-ல் மில் மூடிய பிறகு, வேலைக்குப் போய்வந்த அதே சைக்கிளில் சரக்கு ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். டைனமோ விளக்கும் முழு செயின் கவரும் உள்ள அந்த வண்டியைப் பேரன் ஓவராயில் நாளன்று தள்ளிக்கொண்டு வந்தான். மெக்கானிக் தம்பி பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, பின்சக்கரத்தை அவனே கழற்றி மாட்டினான். ஞாயிறுதோறும் நம்மோடு வர அவனுக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம். வயது வரம்பு விதியில் இந்த ஒரு விலக்கைப் பொதுக்குழு ஏற்க வேண்டும்.

இத்துடன் இரண்டு தீர்மானங்களை வைக்கிறேன். ஒன்று, ஓவராயில் நாளை ஒவ்வொரு ஆண்டும் மார்கழியில், சங்கச் செலவிலேயே நடத்துவது. மற்றொன்று, தை முதல் மாசி முடிய எல்லா ஞாயிறும் ஓட்டம் உண்டு என்று இப்போதே நாட்காட்டியில் குறித்துவிடுவது. கல்யாணம், காதுகுத்து என்று தேதி குறிப்பவர்கள் முடிந்தால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அறிக்கைக்கும் தீர்மானங்களுக்கும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். கை தூக்குபவர்களைப் பொருளாளர் எண்ணிக்கொள்வார்.