வெள்ளிச் சிறகுகளை ஏலம் விடுவோருக்கு ஒரு திறந்த மடல்

போர்க்காலச் சின்னங்களை ஏலம் விடும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவின் ‘வாஸ்ப்’ பெண் விமானிகள் அணிந்த வெள்ளிச் சிறகு என்று நம்பி, உங்கள் துறையைச் சேர்ந்த ஒருவரிடம் சென்ற மாதம் ஒரு சின்னத்தை வாங்கினேன். அவர்களின் முதலாவது பயிற்சி வகுப்பில் தேறியவருக்கு அளிக்கப்பட்டது என்றது ஏலப் பட்டியல். வந்து சேர்ந்ததோ நடுவில் சாய்சதுரம் கொண்ட சிறகு. முதல் வகுப்பினருக்கு வாஸ்ப் அமைப்பின் தலைவி ஜாக்குலின் காக்ரன் சொந்தச் செலவில் செய்தளித்த சிறகின் நடுவே கேடயம்தான் இருந்தது என்பதும், சாய்சதுரம் பிந்தைய வகுப்புகளுக்கே வந்தது என்பதும் நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியவை அல்ல. எழுதிக் கேட்டபோது, குறிப்பின் கடைசி வரியில் ‘அக்காலப் பாணியில்’ என்றிருப்பதைப் படிக்கவில்லையா என்று பதில் வந்தது. படித்தேன், அதற்கு நகல் என்று பொருள் என்பதுதான் எனக்கு விளங்காமல் போயிற்று.

நகல் என்றால் நகல் என்று தலைப்பிலேயே எழுதுங்கள் என்பதே என் கோரிக்கை.

போன பணத்துக்காக மட்டும் இதை எழுதவில்லை. 25,000-க்கும் மேற்பட்ட பெண்கள் விண்ணப்பித்து, 1,074 பேர் மட்டுமே பயிற்சியை முடித்துச் சிறகு பெற்றார்கள். 38 பேர் பணியில் மாண்டார்கள். அவர்கள் குடிமைப் பணியாளர்களாகவே வைக்கப்பட்டிருந்ததால் படை மரியாதை கிடைக்கவில்லை, உடலை ஊருக்கு அனுப்பும் செலவுகூடக் குடும்பத்தார் மீதோ உடன் பறந்தவர்கள் மீதோ விழுந்தது. 1944 டிசம்பரில் அமைப்பு கலைக்கப்பட்ட பிறகு, முன்னாள் படையினர் என்ற தகுதியைப் பெற 1977 வரை காத்திருந்தவர்களுக்கு, பறந்ததற்குச் சாட்சியாகக் கையில் இருந்தது பெரும்பாலும் அந்தச் சிறிய வெள்ளித் துண்டுதான். இன்று சந்தைக்கு வரும் ‘அசல்’ சிறகுகளைப் பார்த்தால், டெக்சாசில் அந்தப் பயிற்சி வகுப்புகள் இன்னமும் நடக்கின்றனவோ என்று ஐயம் எழுகிறது. ஆண் விமானிகள் மனைவிக்கும் காதலிக்கும் பரிசளித்த சிறு சிறகு ஊசிகளும் இப்போது பெண் விமானியின் சின்னமாகிவிட்டன. பெண் சட்டையில் குத்திக்கொண்டால் போதும், விமானம் ஓட்டியிருக்க வேண்டியதில்லை போலும்!

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்தருள்க. அடுத்த பட்டியல் வெளிவருமுன், நகலை நகல் என்று தலைப்பில் குறிக்கவும், கொக்கியும் முத்திரையும் தெரியும்படி பின்புறப் படத்தைச் சேர்க்கவும் பணிவுடன் வேண்டுகிறேன். என்னிடமுள்ள சிறகை விற்றவரிடமே வாங்கிய விலைக்குத் திருப்பித் தர ஆயத்தமாயிருக்கிறேன். அடுத்தவருக்கு விற்கும்போது அந்த ஒரு சொல்லை அவர் சேர்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஒரு சேகரிப்பாளர்