சிபாயாக் மலையேறிய மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். நீ அனுப்பிய படம் வந்தது. அம்மா அதைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்து, இளைத்துவிட்டாய் என்கிறாள். நான் பார்த்தது நீ நிற்கிற இடத்தை. சிபாயாக் எரிமலையின் எரிவாய்க்குள்ளேயே இறங்கி நிற்கிறாய். பின்னால் கந்தகம் மஞ்சளாய்ப் படிந்த பாறைச் சந்திலிருந்து ஆவி சீறுகிறது.

அங்கே இறங்காதே. கரியமில வாயுவும் ஹைட்ரஜன் சல்பைடும் காற்றைவிடக் கனம். காற்று அசையாத நேரத்தில் பள்ளத்தில் தேங்கிவிடும். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் விலக வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த நாற்றம் திடீரென்று நின்றுபோனால் இன்னும் ஆபத்து. அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போகும்.

உனக்குத் தெரியாததா? ஐந்தாம் படிவத்தில் மாமாவுக்கு நீ விளக்கினாயே. கடலடியில் உள்ள பூமியோட்டுத் தட்டு சுமத்ராவுக்கு அடியில் சொருகிப் போகிறது, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆழத்தில் அதிலிருந்து கசியும் நீர் மேலே உள்ள பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது, உருகிய பாறைக் குழம்பு மேலே வர வர அழுத்தம் குறைந்து, கரைந்திருந்த வாயு நுரைத்து வெடிக்கிறது, வெடித்துச் சிதறிய வாய்தான் எரிவாய் என்று. மாமா வாயடைத்துப் போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சுமத்ராவிலேயே இருக்கிற தோபா ஏரி வேறு மாதிரி என்றும் நீதான் சொன்னாய். 74,000 ஆண்டுகளுக்கு முன் அடியிலிருந்த குழம்பு பெருமளவு வெளியேறியதும், தாங்க ஆளில்லாத மேற்கூரை இடிந்து உள்ளே விழுந்த பள்ளம் அது. 100 கிலோமீட்டர் நீளம், 30 கிலோமீட்டர் அகலம். பிறகு அடியிலிருந்து குழம்பு மறுபடி தள்ளியதில் எழும்பியதுதான் சாமோசிர் தீவு. அந்த வெடிப்பின் சாம்பல் மலேசியாவில் நம் பேராக் வரைக்கும் வந்து விழுந்தது. அங்கே லெங்கோங்கில் மண் வெட்டிய இடத்தில் சுரண்டி எடுத்தோமே, திருநீறு மாதிரி அத்தனை மிருதுவாக இருந்தது. நீ நெற்றியில் இட்டுக்கொள்ளப் போனாய், அம்மா கையைத் தட்டிவிட்டாள்.

உன் மலைக்குப் பக்கத்து மலைதான் சினாபுங். பல நூறு ஆண்டுகளாகச் சும்மா கிடந்தது, 2010-ல் வெடித்தது. 2014 பிப்ரவரியில் தடை போட்ட எல்லைக்குள் போனவர்களை அனல்சாம்பல் பிடித்துக்கொண்டது. 2023 டிசம்பரில் மேற்குச் சுமத்ராவின் மராபி வெடித்தபோது, மேலே ஏறியிருந்தவர்களில் இருபது பேருக்கு மேல் போய்விட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், விளிம்போடு திரும்பிவிடு. தடை என்று போட்டிருந்தால் விளிம்புக்கும் போகாதே.

மெடானில் நீயாகவே வேலை தேடிக்கொண்டவன் என்று தண்ணீர்மலைக் கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். அப்படிப்பட்ட பிள்ளை அம்மாவின் போனை எடுக்காமல் இருக்கலாமா? ஒரு நிமிஷம் பேசினால் அவள் நன்றாகத் தூங்குவாள்.

படம் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எடுத்தது. அம்மா அதைக் கவனிக்கவில்லை. ஆபீசில் லீவு கொடுத்திருப்பார்கள்.

உன் இங்குள்ள பேங்க் கணக்கில் எண்ணூறு வெள்ளி போட்டிருக்கிறேன். எதற்கு என்று கேட்காதே, நானும் ஒன்றும் கேட்கவில்லை. பிளேனில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. உன் அறையில் கிடந்த அத்தையின் சாமான்களை எல்லாம் எடுத்தாயிற்று. பணம் போட்டது அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

அப்பா