பிக்கிள்பால்: கோடு போட்டால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டென்னிஸைப் போல மட்டையால் பந்தை வலைக்கு மேலே அடித்து ஆடும் பிக்கிள்பால், நெல்லையிலும் பாளையங்கோட்டையிலும் பரவி வருவதைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த செய்தியைப் படித்தேன். ஐம்பது வயதைத் தாண்டியவர்களும், பள்ளிப் படிப்போடு விளையாட்டை மறந்துபோன இல்லத்தரசிகளும் மாலை நேரத்தில் மட்டையைக் கையில் எடுத்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், 'எந்த வயதினரும் எளிதாக ஆடலாம்' என்று அச்செய்தியில் கண்ட வரியை மட்டும் நம்பிக் களத்தில் இறங்குகிறவர்களுக்கும், அவர்களை நம்பிக் கோர்ட் அமைக்கிறவர்களுக்கும் வேறு சில விவரங்களும் போய்ச் சேர வேண்டும் என்பதால், பள்ளிகளில் நெடுங்காலம் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இந்த ஆட்டம் 1965ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள பெயின்பிரிட்ஜ் தீவில், விடுமுறையில் பொழுது போகாமல் இருந்த பிள்ளைகளுக்காக ஒரு வீட்டு ஷட்டில் கோர்ட்டில் உருவானது. இன்றும் அதன் அளவு ஷட்டில் இரட்டையர் கோர்ட்டின் அளவேதான்: 44 அடி நீளம், 20 அடி அகலம். பந்து, துளையிட்ட பிளாஸ்டிக். எடை சுமார் 25 கிராம். சர்வீஸை வழக்கமாக இடுப்புக்குக் கீழிருந்துதான் போடுவார்கள். ஷட்டிலோ டென்னிஸோ பழகாதவர் அவற்றை ஆடப் போனால், கால் மணி நேரத்தில் மூச்சு வாங்கி ஓரமாக உட்கார்ந்துவிடுவார். அந்த இயலாமையே அவருக்கு ஒரு காவல். பிக்கிள்பாலில் முதல் நாளிலேயே பந்தைத் திருப்பி அடிக்க வந்துவிடுகிறது. எனவே அதே ஆள் இரண்டு மணி நேரம் நின்று ஆடுகிறார். உடம்பு தயாராவதற்கு முன்பே ஆட்டம் கைவந்துவிடுகிறது என்பதே இதில் உள்ள சிக்கல்.

அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்கு 2010 முதல் 2019 வரை வந்தவர்களின் பதிவுகளைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு, பிக்கிள்பாலில் காயம்பட்டு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் 60 வயதைக் கடந்தவர்கள் என்று காட்டியது. அந்த வயதினரின் காயங்களில் பாதிக்கு மேல் வழுக்கியும் தடுக்கியும் விழுந்ததால் நேர்ந்தவை. ஆண்களுக்குச் சுளுக்கும் தசைப்பிடிப்பும் அதிகம். பெண்களுக்கு எலும்பு முறிவு, குறிப்பாக மணிக்கட்டு முறிவு, அதிகம். ஊர் வேறானாலும், அறுபது வயது உடம்பும் சிமெண்ட் தரையும் எங்கும் ஒன்றுதான்.

ஆண்களிடம் நான் அதிகம் அஞ்சுவது குதிகாலுக்கு மேலே உள்ள தடித்த தசைநாண் அறுந்துபோவதை. நம் பகுதியில் இளமையில் கபடியோ, பூப்பந்தோ, வாலிபாலோ ஆடாத ஆண்கள் குறைவு. இருபது ஆண்டுகள் அலுவலக நாற்காலியிலும் கடைக் கல்லாவிலும் உட்கார்ந்துவிட்டு, வாரத்தில் ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் களமிறங்கும் அவர்களுக்கு மனம் பழைய வேகத்தில்தான் பாய்கிறது. பெருமாள்புரம் பக்கம் ஒரு வாடகைக் கோர்ட்டில் நான் பார்த்த நிகழ்வு இது. ஆடிக்கொண்டிருந்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். வலைக்கு அருகில் சொத்தென்று விழுந்த பந்தை எடுக்க, பின்கோட்டருகே நின்ற அவர் வலது காலை உந்தி முன்னே பாய்ந்தார். 'பட்' என்று ஒரு சத்தம். சட்டென்று நின்று, "எவம்ல மிதிச்சது?" என்று கோபத்தோடு திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒருவரும் இல்லை. தசைநாண் அறுந்தவர்கள் பலரும் இப்படித்தான் சொல்வார்கள்: யாரோ பின்னாலிருந்து உதைத்தது போல இருந்தது என்று.

கொடுமை என்னவென்றால், அதன் பிறகும் நொண்டி நொண்டி நடக்க முடியும். வலியும் சற்று நேரத்தில் மட்டுப்பட்டுவிடும். ஆகவே சுளுக்கு என்று எண்ணி, எண்ணெய் போட்டு வழிக்க ஆள் தேடுகிறார்கள். இடுப்புப் பிடித்துக்கொண்டால் காலால் பிறந்தவரைத் தேடிப்போய் மிதிக்கச் சொல்லும் ஊர் நம்முடையது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அறுந்த தசைநாணை எந்த எண்ணெயும் ஒட்டவைக்காது. சில வாரங்கள் கடந்துவிட்டால் அறுந்த முனைகள் விலகிப்போய், எளிதாக முடிந்திருக்க வேண்டிய சிகிச்சை பெரிய அறுவைச் சிகிச்சையாகிவிடும். காயம்பட்டவரைக் குப்புறப் படுக்கவைத்து, பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்கும்படி விட்டு, கெண்டைக்கால் சதையைக் கையால் அழுத்திப் பாருங்கள். நல்ல காலில் பாதம் கீழ்நோக்கி அசையும். அசையவில்லை என்றால் அன்றே எலும்பு மூட்டு மருத்துவரிடம் போக வேண்டும். ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனை இருக்கும் ஊரில் இதற்காக எவரும் தள்ளிப்போட வேண்டியதில்லை.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு காரணம் மாத்திரை. சிறுநீர்த் தொற்று போன்றவற்றுக்குக் கொடுக்கும் சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் தசைநாணைப் பலவீனப்படுத்தி அறுந்துபோகச் செய்யக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008ஆம் ஆண்டிலேயே மிகக் கடுமையான எச்சரிக்கையை அவற்றின் மீது இடச் செய்தது. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கும், ஸ்டீராய்டு எடுத்துக்கொள்பவர்களுக்கும் ஆபத்து இன்னும் கூடுதல். மருந்தை நிறுத்திச் சில மாதங்கள் கழித்தும் இது நேரலாம் என்பதால், அந்த மாத்திரையைச் சாப்பிட்டவர் எப்போது மீண்டும் கோர்ட்டுக்கு வரலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. மருத்துவர்களும், நடுவயதைத் தாண்டியவருக்கு இதை எழுதும்போது "ஏதாவது விளையாடுகிறீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். சர்க்கரை நோய் நெடுநாள் இருப்பவர்களின் தசைநாண்களும் இறுகிப்போயிருக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் தலை அடிபட விழுந்தால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பெண்களைப் பொறுத்தவரை ஆபத்து பின்பக்கம் இருக்கிறது. எதிரணியினர் தலைக்கு மேலே தூக்கி அடிக்கும் பந்தைப் பார்த்தபடியே, உடலைத் திருப்பாமல், குதிகாலை வைத்து வைத்துப் பின்னோக்கி ஓடுவதுதான் மிக மோசமான பழக்கம். கண் வானத்தில் இருக்கும். உடம்பின் எடை பின்னால் சாயும். கால் அதற்கு ஈடுகொடுக்காது. விழும்போது யாரும் கையை ஊன்றத்தான் செய்வார்கள். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் அடர்த்தி குறைந்துபோன பெண்களுக்கு அந்த ஊன்றலிலேயே மணிக்கட்டு முறிந்துவிடுகிறது. பந்து தலைக்கு மேலே போகிறது என்று தெரிந்தவுடன், பக்கவாட்டில் திரும்பி, இரண்டெட்டு ஓடிய பிறகுதான் பந்தைப் பார்க்க வேண்டும். எட்டவில்லையென்றால் விட்டுவிட வேண்டும். போவது ஒரு பாயிண்ட்தான். இதைச் சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் போதும். மட்டையை வாடகைக்குக் கொடுக்கும் இடங்களில் அந்த அரை மணி நேரத்தைச் செலவிட யாரும் இல்லை.

காலணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலை நடைக்கு வாங்கிய ஷூவைப் போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள். நேராக நடக்கவும் ஓடவும் செய்யப்பட்ட, அடிப்பாகம் உயர்ந்து மெத்தென்று இருக்கும் ஷூ அது. பக்கவாட்டில் காலை வைத்துத் திரும்பினால் கரண்டைக்கால் மடங்கிவிடும். அடிப்பாகம் தட்டையாகவும் ஓரம் உறுதியாகவும் உள்ள கோர்ட் ஷூதான் இதற்கு ஏற்றது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. காயங்களில் ஒரு பகுதிக்கு ஆடுகிறவர் பொறுப்பு. மற்றொரு பகுதிக்கு இடம் அமைத்தவர் பொறுப்பு. ஷட்டில் கோர்ட்டின் அளவேதானே என்று, பழைய கோர்ட்டின் மீதே புதுக் கோடு போட்டு, வலையை ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலம் என்று இறக்கிக் கட்டிவிட்டு வாடகைக்கு விடுகிறார்கள். 44 அடிக்கு 20 அடி என்பது கோட்டுக்கு உட்பட்ட அளவு மட்டுமே. சுற்றிலும் ஓடி நிற்க இடம் சேர்த்துக் குறைந்தது 60 அடிக்கு 30 அடி வேண்டும் என்பதே இந்த ஆட்டத்தின் விதிநூல் சொல்வது. பின்கோட்டிலிருந்து மூன்றடியில் மதில் சுவரும், பக்கக் கோட்டை ஒட்டி இரும்புத் தூணும் நிற்கும் இடங்களை நம் மாநகரிலேயே பார்க்கலாம். பிக்கிள்பாலில் பந்து தரையில் பட்டு எழும்பிய பிறகும் ஆடலாம் என்பதால், ஆடுபவர் பின்கோட்டுக்கும் பின்னால் போய் நின்று ஆட வேண்டிய நேரங்கள் உண்டு. ஷட்டிலுக்குப் போதுமாக இருந்த இடைவெளி இதற்குப் போதாது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் மொட்டை மாடிகள் இதைவிடக் கவலை தருகின்றன. வெயிலின் சூடு இறங்காமல் இருக்கப் பதித்த வழவழப்பான வெள்ளை ஓட்டின் மீது, கதவுக்கு அடிக்கும் எனாமல் பெயிண்டில் கோடு போட்டிருக்கிறார்கள். பனி இறங்கிய காலையிலும், தூறல் விழுந்த மாலையிலும் அந்தக் கோட்டின் மீது கால் பட்டால், எண்ணெய் சிந்திய அடுப்படித் தரை கணக்காக வழுக்கும். மணல் கலந்த அக்ரிலிக் பூச்சுக்குச் செலவு அதிகம்தான். முறிந்த மணிக்கட்டுக்குத் தகடு வைக்கும் செலவையும் கூடவே கணக்குப் பார்க்க வேண்டும். மூன்று கோர்ட்டுகளை அடுத்தடுத்துப் போடுகிறவர்கள் இடையில் தடுப்பு வலை கட்டுவதில்லை. அடுத்த கோர்ட்டுப் பந்து உருண்டு வந்து காலடியில் கிடப்பது யாருக்கும் தெரிவதில்லை. தடுப்பு வலை கட்டும் வரையிலாவது, பந்து உள்ளே வந்தால் "பந்து!" என்று உரக்கக் கூவி ஆட்டத்தை நிறுத்தும் வழக்கம் வர வேண்டும்.

வலையின் இரு பக்கமும் 'கிச்சன்' எனப்படும் 7 அடிப் பகுதியின் விளிம்பில் எதிரெதிரே நிற்பவர்களுக்கு இடையே உள்ள தொலைவு 14 அடிதான். அங்கிருந்து ஓங்கி அடித்த பந்து கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு வரலாம். வழக்கமான மூக்குக் கண்ணாடி இதற்குக் காப்பாகாது. பாலிகார்பனேட் கண்ணாடி அணிய வேண்டும். முழங்கை வலி, தோள்பட்டை வலி ஆகியவை ஓய்வெடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும் என்பதால் அவற்றை விரிக்கவில்லை.

இவ்வகை இடங்களுக்கு அனுமதி தரும் மாநகராட்சி அதிகாரிகள், கோட்டுக்கு வெளியே விட்டிருக்கும் இடத்தையும் நாடா பிடித்து அளந்து பார்க்க வேண்டும். வாடகைக்கு விடுகிறவர்கள், புதிதாக வருபவரைப் பத்து நிமிடம் உடலைச் சூடாக்கிக்கொள்ளச் செய்த பிறகே மட்டையைக் கொடுக்க வேண்டும். ஐஸ் கட்டியும், கையைத் தாங்கிக் கட்டும் துணியும் கைவசம் வைத்திருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்க அதிக நாள் இல்லை. மொட்டை மாடியில் கோர்ட் வைத்திருக்கும் குடியிருப்புச் சங்கங்கள் அதற்குள் எனாமல் கோடுகளைச் சுரண்டி எடுத்துவிட்டு, தரை ஈரமாக இருக்கும் நாளில் வலையை அவிழ்த்து வைத்துவிடுவது என்று முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.