பாய்க் கயிற்றுக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது

கலைச்சொல் தொகுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்தில் அறிவியல் வாத்தியாராக இருக்கிறேன். கடலுக்கும் எங்களுக்கும் வெகுதூரம். எங்களுக்குத் தெரிந்த கலம் ஒகேனக்கல் பரிசல்தான். வட்டமான அதற்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. பாய் கட்டினால் சுற்றத்தான் செய்யும். அதனால் பாய்மரப் படகுக்கான சொற்கள் எங்கள் ஊர்ப் பேச்சில் இல்லை. உங்கள் தொகுப்பைத்தான் நம்பினேன்.

போன ஆடியில் மேகாத்து, அதாவது மேற்குக் காற்று, அடித்துக்கொண்டிருந்தபோது ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு படகு செய்தேன். தெர்மாகோல் உடம்பு, மூங்கில் குச்சியில் பாய்மரம், கிழிந்த குடைத்துணியில் பாய். முதலில் காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளி ஏரிக்கரையில் ஒதுக்கியது. அடியில் ஒரு தகரத்துண்டைச் செங்குத்தாகச் செருகியதும் நேராக ஓடியது. “காத்துக்கு எதிர்ல போவுமா சார்?” என்றாள் ஒருத்தி. நேர் எதிரே எந்தப் பாய்ப்படகும் போகாது. சாய்வாக ஒரு பக்கம் கொஞ்ச தூரம், அப்புறம் திரும்பி மறுபக்கம் கொஞ்ச தூரம், வத்தல்மலைக்கு வண்டி ஏறுகிற மாதிரி வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும் என்றேன். சட்டென்று பிடித்துக்கொண்டார்கள்.

சிக்கல் கயிற்றில் வந்தது. பாயை மேலே ஏற்றும் கயிற்றுக்கு என்ன பெயர்? உங்கள் தொகுப்பில் ‘மேலேற்று வடக்கயிறு’ என்று இருந்தது. வடம் என்றாலே கயிறுதானே என்று ஒரு பையன் சிரித்தான். அன்று இரவு நாகப்பட்டினத்தில் இருக்கும் என் தம்பியின் மாமனாருக்குப் போன் போட்டேன். “ஆஞ்சான்” என்றார், ஒரே சொல்லில். பாயைத் தாங்கும் குறுக்குக்கழி பருமல். படகின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். எங்கள் மேகாத்து அவருக்குக் கச்சான், தென்காற்று சோழகம். சுக்கான் அரபு வழி வந்தது, நங்கூரம் பாரசீக வழி வந்தது. வந்தால் என்ன, கரையில் நூற்றாண்டுகளாகப் புழங்குகிறதே!

கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய் ‘கேட்டமரன்’ ஆனது. அங்கே அது இரட்டை உடம்புப் படகைக் குறிக்கிறது, நம்முடையதோ சேர்த்துக் கட்டிய மரங்கள். இப்போது அந்த ஆங்கிலச் சொல்லுக்கு ‘ஈருடற்கலம்’ என்று நீங்கள் பெயர் வைத்திருக்கிறீர்கள். அது தவறில்லை. ஆனால் பக்கத்திலேயே கட்டுமரத்துக்கு ஒரு வரி கூட இல்லையே.

அடுத்த பதிப்புக்கு முன் கடற்கரைக்கு ஆள் அனுப்புங்கள். எஞ்சின் வந்தபின் பாயே ஏற்றாத தலைமுறை வந்துவிட்டது. கயிற்றைக் கையில் பிடித்துப் பெயர் சொல்லக்கூடியவர்களுக்கு வயதாகிவிட்டது.

எங்கள் வகுப்புச் சுவரில் அந்தப் படகின் படம் ஒட்டியிருக்கிறது. அடியில் செருகிய அந்தத் தகரத்துண்டுக்கு மட்டும் பெயர் எழுதவில்லை. மாமனார் சொன்னதை போனில் சரியாகக் கேட்க முடியவில்லை, நானாக ஒன்று வைக்கவும் மனமில்லை. உங்கள் ஆள் கரைக்குப் போனால் அதையும் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
பென்னாகரம் பக்கத்து அறிவியல் வாத்தியார்