லேபிள் மாறிய கேசட்டுகள்

காரைக்குடி
புரட்டாசி, முதல் சனி

அன்பு மகளுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய நீளச் செய்தியை மூன்று நாளாகத் திருப்பித் திருப்பிப் படித்தேன். போனில் பதில் எழுத உட்கார்ந்தால் என் கட்டைவிரலுக்கு ஒரு எழுத்துக்கு இரண்டு எழுத்து விழுகிறது. அதனால் பழையபடி தாளிலேயே எழுதுகிறேன். பக்கத்து வீட்டுத் தம்பி படம் பிடித்து அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருக்கிறான்.

நீ சொன்ன அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் படத்தை, அதுதான் ‘எ கம்ப்ளீட் அன்னோன்’, பார்த்துவிட்டோம். பணம் கட்டி டிவியில் போட்டுக்கொடுத்ததும் அந்தத் தம்பிதான். இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற படம், நடுவில் இரண்டு தடவை கரண்ட் போய் எங்களுக்கு ராத்திரி பதினொன்றரை ஆகிவிட்டது. உன் ஆத்தா கடைசிவரை முழித்திருந்தாள். முடிந்ததும் அவள் சொன்னது ஒன்றுதான். “இந்தப் பையன் படம் முழுக்க ஒருத்தரைக்கூட சாப்பிட்டியான்னு கேக்கலையே.” பாடகி ஜோன் பாயெஸாக வந்த பெண்ணைத்தான் அவளுக்குப் பிடித்தது. அந்தப் பெண்ணும் சரி, டிலனாக வந்த ஷாலமேயும் சரி, சொந்தக் குரலில் பாடினார்கள் என்று நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். அவள் நம்பவில்லை.

இப்போது உன் கோபத்துக்கு வருகிறேன். தியேட்டரில் உன் பக்கத்து இருக்கையில் எழுபது வயசுப் பெரியவர் ஒவ்வொரு பாட்டையும் வாய்க்குள் முணுமுணுத்தார், பின்வரிசைப் பிள்ளைகள் நடிகர் முகத்தைப் பார்த்துக் கத்தினார்கள், இரண்டுக்கும் நடுவில் நீ பல்லைக் கடித்துக்கொண்டு தப்புகளை எண்ணினாய் என்று எழுதியிருந்தாய். மொத்தம் பதினொன்று. பாராட்டத்தான் வேண்டும். ஆஸ்காரில் எட்டுப் பிரிவில் பேர் வந்தும் ஒன்றுகூடக் கிடைக்காமல் போனதற்கு நீ உள்ளூர சந்தோஷப்பட்டதையும் கவனித்தேன்.

டிலனின் காதலி சூஸ் ரோட்டலோவின் பெயரைச் சில்வி என்று மாற்றிவிட்டார்கள் என்பது உன் முதல் புகார். அதை மாற்றச் சொன்னவரே டிலன்தானாம், அந்தப் பெண் புகழைத் தேடிப் போனவர் இல்லை என்பதால். எனக்கு அதில் குறை தெரியவில்லை. நம் ஊரில்கூட செத்துப்போனவர்களின் காதல் கதையைப் பேசும்போது பெரியவர்கள் பெயரைச் சொல்லாமல் ‘அந்த மேலத்தெருப் பிள்ளை’ என்றுதானே சொல்வார்கள்.

இரண்டாவது புகார்தான் பெரியது. படத்தில், 1965 ஜூலை 25-ஆம் தேதி அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் டிலன் மின்சார கிட்டாரோடு மேடையேறுகிறார், கூட்டத்தில் ஒருவன் “யூதாஸ்!” என்று கத்துகிறான். காட்டிக்கொடுத்த பாவி என்று அர்த்தம். ஆனால் அந்தச் சத்தம் நிஜத்தில் வந்தது நியூபோர்ட்டில் இல்லை, 1966 மே 17 அன்று இங்கிலாந்தில், மான்செஸ்டரில். பத்து மாதத்தையும் ஒரு கடலையும் தாண்டி அதைத் தூக்கிக்கொண்டு வந்து இங்கே வைத்துவிட்டார்கள் என்று நீ கொதித்திருக்கிறாய்.

இதில் உன் அப்பச்சிக்கு நீ நினைக்காத ஒரு சந்தோஷம் இருக்கிறது. மான்செஸ்டர் கச்சேரியின் டேப் திருட்டுத்தனமாக உலகம் முழுக்கச் சுற்றியதே, அது எந்தப் பெயரில் சுற்றியது தெரியுமா? லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் கச்சேரி என்று! எவனோ லேபிளை மாற்றி ஒட்டிவிட்டான். 1998-இல் கம்பெனியே முறையாக வெளியிட்டபோதுகூட, அந்தத் தப்பான பெயர் பிரபலமாகிவிட்டதால் மேற்கோள் குறி போட்டு அதையே அட்டையில் வைத்தார்கள். ஆக, அந்த ஒற்றைச் சத்தம் மான்செஸ்டரிலிருந்து லண்டனுக்குப் போய், அங்கிருந்து நியூபோர்ட்டுக்குப் போயிருக்கிறது. உனக்கு இது துரோகம். இருபத்திரண்டு வருஷம் கேசட் கடை வைத்திருந்தவனுக்கு இது தினசரி வியாபாரம்.

நம் வீட்டில் டிலன் நுழைந்த கதையே அப்படித்தான். நம் ஊர் மின்வேதியியல் ஆய்வுக்கூடம் சிக்ரியில் வேலை பார்த்த ஒரு விஞ்ஞானி வெளிநாடு போய்த் திரும்பும்போது நாலைந்து கேசட் வாங்கி வந்து, நண்பர்களுக்குப் பிரதி போட்டுத் தரச் சொன்னார். வழக்கப்படி எனக்கும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டேன். அன்றைக்கு யாரும் அதைத் திருட்டு என்று நினைக்கவில்லை, நானும்தான். பாப் டிலன், பாப் மார்லி இரண்டுமே இருந்தன. இரண்டு பாபுக்கும் லேபிள் மாறிப்போனது. இரண்டு வருஷம் நான் ஜமைக்காக்காரர் பாட்டைக் கேட்டு “டிலன் என்னமாய்ப் பாடுகிறார்” என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நிஜ டிலனைப் போட்டுக் கேட்டபோது, டெக்கின் ஹெட்டில் தூசி படிந்திருக்கிறது போல என்று நினைத்து, ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். துடைத்த பிறகும் அதே குரல்தான் வந்தது. நீ சிரிப்பாய் என்று இத்தனை நாள் சொல்லவில்லை.

சரி, நியூபோர்ட்டுக்கு வருகிறேன். அன்று ஜனங்கள் ஏன் கத்தினார்கள் என்பதில் அங்கே இருந்தவர்களுக்குள்ளேயே இன்றுவரை ஒத்த கருத்து இல்லையே. மின்சார கிட்டார் பிடிக்காமல் என்கிறார்கள் சிலர். மைக்செட் சரியில்லை, வார்த்தையே காதில் விழவில்லை என்கிறார்கள் சிலர். மூன்றே பாட்டோடு இறங்கிவிட்டார் என்ற ஆத்திரம் என்கிறார்கள் இன்னும் சிலர். நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர்கூடப் பின்னாளில், கோடாரி இருந்தால் ஒயரை வெட்டியிருப்பேன் என்று தான் சொன்னதை ஒப்புக்கொண்டு, வார்த்தை புரியாமல் சத்தம் சிதைந்ததுதான் காரணம் என்றார். அந்த விழா தொடங்கியதே 1959-இல். ஆறே வயசு. ஆறு வயசுக் குழந்தைக்கு அதற்குள் ‘மரபு’ வந்துவிட்டது பார்!

நம் பக்கத்துச் சங்கதியும் இதுதான். கர்நாடகக் கச்சேரியில் வர்ணத்தில் தொடங்கி இன்னின்னதற்குப் பின் இன்னது என்று இன்றைக்கு எல்லோரும் பின்பற்றும் வரிசையை வகுத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். அரியக்குடி நமக்குக் கூப்பிடு தூரம். அந்த வரிசையே அவர் காலத்தில் புதுசுதான். இந்தப் பக்கம் குன்றக்குடியிலிருந்து வைத்தியநாதன் வந்தார். நெற்றி நிறைய விபூதி, நடுவில் அகலக் குங்குமம். பெரிய வித்வான்களுக்கெல்லாம் பக்கவாத்தியம் வாசித்தவர், 1976-இல் அதை நிறுத்திவிட்டுத் தனியாக உட்கார்ந்தார். மிருதங்கம் இருக்கிற இடத்தில் வலையப்பட்டியாரின் தவிலை வைத்தார். வயலினில் சினிமாப் பாட்டு வாசித்தார், ரயிலை ஓடவிட்டார். சபாக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். என் கடைக்கு வந்து ‘இதெல்லாம் சங்கீதமா’ என்று அரைமணி நேரம் திட்டிவிட்டு, போகும்போது அவருடைய கேசட்டையே வாங்கிப்போனவர்களை எனக்குத் தெரியும். கல்லாவில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இந்த மாதிரி வேடிக்கைகள் நிறையக் கிடைக்கும்.

கத்தினவர்களை நீ ‘முட்டாள்கள்’ என்று எழுதியிருந்தாய். அந்த வார்த்தைதான் என்னை இந்தத் தாளை எடுக்க வைத்தது. ஏனென்றால் கத்தினவர்களில் உன் அப்பச்சியும் ஒருவன்.

1989 பங்குனி. பக்கத்துக் கிராமத்து அம்மன் கோயில் திருவிழா. உனக்கு அப்போது நாலு வயசு, வரவில்லை. பாடவந்தவர் பெயர் வேண்டாம், அவர் பிள்ளைகள் இந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். அவர் குரலுக்கு நான் அடிமை. தவில், உறுமி, பம்பையோடு அவர் தெம்மாங்கை எடுத்தால் பின்கழுத்து சிலிர்க்கும். அன்று மேடையில் பார்த்தால் தவிலும் இல்லை, உறுமியும் இல்லை. கண்ணாடி போட்ட ஒரு பையன் கீபோர்டோடு நிற்கிறான், அவன் பக்கத்தில் டொப்பு டொப்பென்று தட்டுகிற பேடு. எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, “தவில் எங்கேய்யா? இது என்ன கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவா?” என்று கத்தினேன்.

இந்தக் கதையை நீ நூறு தடவை கேட்டிருக்கிறாய். முதல் பாட்டிலேயே நான் எழுந்தேன், கூட்டமே என்னோடு சேர்ந்து கத்தியது, பாடகர் தலையைக் குனிந்துகொண்டார் என்று. படையலுக்குச் சொந்தக்காரர்கள் கூடும்போதெல்லாம் சொல்வேன், உன் மாமாக்கள் கைதட்டுவார்கள்.

சொல்லாத பாதி ஒன்று இருக்கிறது. அடுத்த வாரம் அவர் கடைக்கு வந்தார். வெற்றுக் கேசட் சி-90 இரண்டு கேட்டார். நான் நிமிர்ந்து பார்க்காமல் எடுத்து வைத்தேன். “அன்னைக்கு டேப்ரிக்கார்டர் வச்சிக்கிட்டு உக்காந்திருந்தது நீங்கதானே அண்ணே? சத்தம் போட்டதும் நீங்கதான்” என்றார். கோபமாக இல்லை. அடையாளம் சரிதானா என்று கேட்கிற மாதிரி. “தவில்காரருக்கு மஞ்சக்காமாலை, ஆறு மாசமா எந்திரிக்கல. உறுமிக்காரர் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போயிட்டாரு. இந்தப் பையன் ஒருத்தனே நாலு பேர் வேலையப் பாக்குறான். எனக்கு மட்டும் பிடிச்சா இருக்கு?” காசு வேண்டாம் என்றேன். எண்ணி மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

டிலன் கதை வேறுதான், எனக்குத் தெரியும். அவர் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் கிட்டாரை மாற்றவில்லை, ஆசைப்பட்டு மாற்றினார். குன்றக்குடியாரும் அப்படித்தான். இவரோ வேறு வழியில்லாமல். கீழே உட்கார்ந்து கத்துகிறவனுக்கு அந்த வித்தியாசம் எங்கே தெரிகிறது?

படம் பார்த்த மறுநாள் மேல்வீட்டு அறையைத் திறந்து அந்தக் கேசட்டைத் தேடினேன். 140 கேசட் இருக்கிறது. பாதியில் நாடாமேல் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. நல்லவேளை, இதற்கு ஒன்றும் ஆகவில்லை. தொங்கிக்கொண்டிருந்த நாடாவைப் பென்சில் விட்டுச் சுற்றினேன். என் டெக்கின் பெல்ட் தளர்ந்து பாட்டு இழுவையாக வந்தது. தம்பி எங்கிருந்தோ ஒரு பழைய டூ-இன்-ஒன் கொண்டுவந்தான். முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகப் போட்டேன்.

நான் கத்தியது முதல் பாட்டில் இல்லை, மூன்றாவதில். கூட்டம் என்னோடு கத்தவே இல்லை. ஒரு பெண்பிள்ளை “ஒக்காருங்க, மறைக்குது” என்கிறாள், இரண்டு பேர் சிரிக்கிறார்கள், ஒரு குழந்தை அழுகிறது. பாடகர் ஒரு வரியைக்கூட விடவில்லை. ரெக்கார்டர் என் மடிமேல் இருந்ததால் என் குரல் மட்டும் இடி மாதிரி விழுந்திருக்கிறது. ஐம்பது வருஷம் கழித்து யாராவது இதைக் கேட்டால் ஊரே கொதித்தெழுந்தது என்றுதான் எழுதுவார்கள். அப்புறம் இன்னொன்று. அடுத்த சரணத்தில் அந்தக் கண்ணாடிப் பையன் கீபோர்டில் எதையோ திருகி, உறுமியின் அந்த முக்கல் இழுப்பை அப்படியே கொண்டுவருகிறான். முழுசாக வரவில்லை, ஆனால் தேடியிருக்கிறான். அன்றைக்கு எனக்கு அது காதில் விழவில்லை. உன் ஆத்தா கேட்டுவிட்டு, “இதுக்கா இத்தன வருஷம் பெருமையடிச்சீங்க?” என்று உள்ளே போய்விட்டாள்.

உன் பதினொரு தப்புகளைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது, அம்மா. எந்தத் தேதியில், எந்த மேடையில், எத்தனை பாட்டு என்று ஒவ்வொன்றுக்கும் டேப் இருப்பதால்தானே உன்னால் அது தப்பு என்று சொல்ல முடிகிறது? கொல்லங்குடி கருப்பாயி அம்மாள் வானொலியில் பாடினார், 1985-இல் ‘ஆண் பாவம்’ படத்தில் வந்தார், அதனால் ஊருக்கெல்லாம் தெரிந்தது. அவரைப் போல நாற்று நடவிலும் ஒப்பாரியிலும் பாடியவர்கள் இந்தச் சிவகங்கைச் சீமையில் எத்தனை பேர்! நாளைக்கு அவர்களில் ஒருவரைப் பற்றி யாராவது படம் எடுத்து, கண்டபடி அடித்துவிட்டால், இல்லை என்று சொல்ல நம் கையில் என்ன இருக்கிறது? என் மேல்வீட்டு அறையில் பூஞ்சை பிடித்த 140 கேசட் இருக்கிறது.

அதனால் ஒரு வேலை சொல்கிறேன். தை மாதம் வரும்போது, கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற கருவி அங்கே கிடைத்தால் ஒன்று வாங்கி வா. என் டெக்குக்கு ரப்பர் பெல்ட் இங்கே எங்கேயும் கிடைக்கவில்லை, மாடல் நம்பரைத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். மாப்பிள்ளையிடம் சொன்னால் தேடிப்பிடித்துவிடுவார். டிலன் குருவாக நினைத்த பாடகர் வூடி கத்ரி படுத்திருந்த கிரேஸ்டோன் ஆஸ்பத்திரி இருந்த இடம் உங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான் என்றாயே, ஒருநாள் அந்தப் பக்கம் போனால் எப்படி இருக்கிறது என்று எழுது. படத்தில் எனக்கு மனசில் நின்றது அந்தக் கட்டிலும், பேச முடியாத மனுஷன் முன்னால் உட்கார்ந்து அந்தப் பையன் பாடியதும்தான். அது எந்தத் தேதி, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதில் தப்பு இருந்தால் எனக்குச் சொல்லாதே.

ஊருக்கு வந்திருக்கும் உன் தோழி அடுத்த வாரம் திரும்புகிறாளாம். அவள் கையில் சீப்புச் சீடையும் மணகோலமும் கொடுத்துவிடுகிறாள் உன் ஆத்தா. உடையாமல் வந்தால் உன் அதிர்ஷ்டம்.

கேசட்டுகளை நாம் இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டு, புது லேபிள் எழுதலாம். மார்லி கேசட்டில் ‘டிலன்’ என்று என் கையெழுத்து இன்னும் ஒட்டியிருக்கிறது. அதை மட்டும் கிழிக்காதே.

அன்புடன்,
அப்பச்சி