ஸ்பீடு டெஸ்ட் எடுக்கச் சொல்லாதீர்கள்: பிராட்பேண்ட் வாடிக்கையாளர் சேவை நண்பர்களுக்கு

வணக்கம்.

நான் கோவில்பட்டியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறவன். இரவு எட்டரைக்கு மேல் வாலரண்ட் என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஆடுகிறவன். முப்பத்து மூன்று வயதில் இதென்ன விளையாட்டு என்று வீட்டில் ஏற்கெனவே கேட்டாயிற்று, நீங்களும் கேட்க வேண்டாம். கடந்த மூன்று மாதத்தில் உங்களுக்கு ஒன்பது முறை போன் செய்திருக்கிறேன். ஒன்பது முறையும் முதல் கேள்வி ஒன்றேதான்: "சார், ஸ்பீடு டெஸ்ட் எடுத்தீங்களா?"

எடுத்தேன். 100 எம்பிபிஎஸ் பிளானுக்கு 97 வந்தது. "அப்போ நம்ம சைடுல எல்லாம் ஓகே சார்." புகார் முடிந்துவிட்டதாகக் குறுஞ்செய்தியும் வந்துவிட்டது. அன்றிரவே ஆட்டத்தின் நடுவில் இரண்டு முறை டிஸ்கனெக்ட். பாதியில் காணாமல் போனவனுக்கு வாலரண்ட் தண்டனை தரும், காரணம் கேட்காது.

உங்கள் மேல் கோபமில்லை. உங்கள் கையில் கொடுத்திருக்கிற கேள்வித்தாள்தான் தப்பு. வாலரண்ட் சர்வர் விநாடிக்கு 128 முறை ஆட்டத்தின் நிலையைக் கணக்கிடுகிறது, அதாவது ஏறக்குறைய எட்டு மில்லி விநாடிக்கு ஒருமுறை. போய்வரும் தரவுப் பொட்டலங்கள் (பாக்கெட்டுகள்) பொடிசு. எல்லாம் சேர்த்தாலும் விநாடிக்கு ஒரு மெகாபிட் தேறாது. 10 எம்பிபிஎஸ் இணைப்பிலேயே தாராளமாக ஓடும். ஆனால் ஒவ்வொன்றும் நேரத்துக்கு வந்தாக வேண்டும். சினிமா என்றால் அடுத்த அரை நிமிடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துச் சமாளிக்கலாம். அடுத்த நொடி நான் எந்தப் பக்கம் திரும்புவேன் என்பதை யார் இறக்கி வைப்பது? இந்த மாதிரி விளையாட்டுகள் பெரும்பாலும் யுடிபி என்ற, தொலைந்ததைத் திரும்ப அனுப்பாத முறையில் ஓடுகின்றன. வழியில் தொலைந்த பொட்டலத்தைத் திரும்பக் கேட்டு வாங்கினாலும் அது வருவதற்குள் பழைய சேதி ஆகிவிடும்.

2006-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வகுத்த பிராட்பேண்ட் தர விதிகளில் பொட்டல இழப்பு ஒரு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று இருந்தது. செய்தி படிக்கவும் மெயில் பார்க்கவும் அது போதும். விநாடிக்கு 128 போகிற இடத்தில் நூற்றுக்கு ஒன்று தொலைந்தால், விநாடிக்கு ஒன்றுக்கு மேல் போகிறது என்று அர்த்தம். திரையில் எதிரி நடக்க மாட்டான், தாவித் தாவி வருவான்.

சரி, என் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று புகார்களில் குற்றம் முழுக்க என் வீட்டில்தான் இருந்தது. ரவுட்டர் ஹாலில், நான் உள்ளறையில், நடுவில் தாத்தா காலத்துச் சுவர். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் தெரு முழுக்கக் கூட்டம். கணினியிலிருந்து ஹாலில் இருக்கும் ரவுட்டருக்கு பிங் (ஒரு பொட்டலம் போய்த் திரும்ப ஆகும் நேரம்) போட்டுப் பார்த்தேன்: ஒரு நேரம் 3 மில்லி விநாடி, ஒரு நேரம் 190. மும்பையில் இருக்கிற விளையாட்டு சர்வரைக் குறை சொல்லி என்ன பயன், ஹாலுக்கே போய்ச் சேரவில்லை! இருபது மீட்டர் லேன் வயர் வாங்கி நிலைப்படி ஓரமாக இழுத்தேன். பிங் 1 ஆனது. அம்மா மட்டும் அதில் இரண்டு முறை தடுக்கினார்.

அப்புறமும் சில இரவுகளில் லேக், அதாவது ஆட்டம் தாமதமாகித் திணறுவது. அக்கா ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்த ராத்திரிதான் பிடிபட்டது. அவர் போன் வைஃபை கிடைத்ததும் ஐநூறு போட்டோவை மேலே ஏற்ற ஆரம்பித்திருக்கிறது. எங்கள் அப்லோடு 10 எம்பிபிஎஸ். நீங்கள் கொடுத்த ரவுட்டர் தன்னிடம் ஒரு மெகாபைட் வரிசையைத் தேக்கி வைத்தால், அது வடிய 800 மில்லி விநாடி. என் துப்பாக்கிக் குண்டு அத்தனை கல்யாண போட்டோவுக்கும் பின்னால் வரிசையில் நிற்கிறது. இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். கணினி நிரலாளர் ஜிம் கெட்டிஸ் இதைப் பெரிதாகப் பேசத் தொடங்கியே பதினைந்து ஆண்டு ஆகிவிட்டது. நெட்வொர்க் ஆராய்ச்சியாளர்கள் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-ல், வரிசை தேங்காமல் பார்த்துக்கொள்ளும் கோடெல் என்ற தீர்வையே வெளியிட்டார்கள். அதை ஒட்டி வந்த எஃப்கியூ-கோடெல் உள்ள ரவுட்டர் ஒன்றைச் சொந்தக் காசில் வாங்கி, அப்லோடை 9-ல் கட்டிப் போட்டேன். இப்போது ஊர்க் கல்யாணம் முழுவதையும் ஏற்றினாலும் பிங் அசைவதில்லை. நீங்கள் தருகிற பெட்டியிலேயே அந்த வசதி இருந்திருந்தால் உங்களுக்கு எத்தனை போன் மிச்சம்!

ஆக, என் வீட்டைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் மிச்ச ஆறு புகார்களைக் கொடுத்தேன். ரவுட்டருக்கு 1. அதைத் தாண்டி உங்கள் முதல் முனைக்கு (வீட்டுக்கு வெளியே பொட்டலம் முதலில் சேரும் உங்கள் கருவிக்கு) பகலில் 4, இரவு எட்டு முதல் பதினொன்று வரை 60 முதல் 140. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஏரியா முழுக்க ஓடிடி பார்க்கிற நேரத்தில் உங்கள் லைன் நிரம்புகிறது. லைன்மேன் அண்ணன் பகல் பதினொரு மணிக்கு வந்தார், ஃபைபரைக் கழற்றி பவர் மீட்டரில் செருகினார், வெளிச்சத்தின் பலம் மைனஸ் 21 டிபிஎம் என்று காட்டியது. மைனஸ் 27-ஐத் தாண்டி இறங்கினால்தான் தொல்லை, இது அருமை என்றார். உண்மைதான், வெளிச்சம் அருமையாக வருகிறது. நெரிசலை அந்த மீட்டர் அளக்காது. பாவம், அவரும் டீ குடித்துவிட்டுப் போனார்.

இன்னொரு வாரம் வேறு கூத்து. மும்பை சர்வருக்கு 38-ல் இருந்த பிங் திடீரென்று 115, ராத்திரி பகல் பேதமில்லாமல். பொட்டலம் போகும் வழியைக் காட்டும் ட்ரேஸ்ரூட் போட்டால், கோவில்பட்டியிலிருந்து மும்பைக்குப் போக வேண்டியது சிங்கப்பூர் போய்த் திரும்பி வருகிறது. ஃபைபரில் வெளிச்சம் ஒரு மில்லி விநாடிக்கு 200 கிலோமீட்டர்தான் போகும். போக வர என்றால் 100 கிலோமீட்டருக்கு ஒரு மில்லி விநாடி. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடி கேபிள் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். அதை என் ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்து எப்படிக் குறைப்பது? ஆனாலும் செய்யச் சொன்னீர்கள், செய்தேன்.

நண்பன் வீட்டு விளையாட்டுக் கன்சோலில் 'என்ஏடி ஸ்ட்ரிக்ட்' (மற்ற ஆட்டக்காரர்களோடு நேரடியாக இணைவது சிரமம்) என்று வருவதும் இதே ரகம். அவன் ரவுட்டரின் வெளி முகவரி 100.64 என்று தொடங்குகிறது. அது பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பங்கு போடும் ஏற்பாட்டுக்காக 2012-ல் ஒதுக்கிய வரிசை. ஐபிவி4 என்ற பழைய வகை இணைய முகவரிகள் தீர்ந்துவிட்டதால் வேறு வழியில்லை, புரிகிறது. ஆனால் "பப்ளிக் ஐபிதான் சார்" என்று அடித்துச் சொன்னதுதான் வலித்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் வெளியிலிருந்து வருவதற்கு ரவுட்டரில் வழிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கோடு ஒரு மாதம் மல்லுக்கட்டியிருக்க மாட்டான்.

நான் கேட்பது பெரிதில்லை. விளையாட்டில் லேக் என்று ஒருவன் கூப்பிட்டால், வயரில் செருகி மூன்று பிங் எடுக்கச் சொல்லுங்கள்: ரவுட்டருக்கு, உங்கள் முதல் முனைக்கு, சர்வருக்கு. முதலாவது எகிறினால் அவன் வீட்டுப் பாடு, தயங்காமல் சொல்லுங்கள். இரண்டாவது எகிறினால் உங்கள் லைன். மூன்றாவது மட்டும் என்றால் ட்ரேஸ்ரூட்டை வாங்கி நெட்வொர்க் குழுவுக்கு அனுப்புங்கள், லைன்மேன் அண்ணனை வெயிலில் அலைய விடாதீர்கள். பொது முகவரிக்கு மாதம் எவ்வளவு என்று சொல்லிவிடுங்கள், தேவைப்பட்டவன் கட்டுவான். முகவரிப் பஞ்சமில்லாத புதிய வகையான ஐபிவி6-ஐயும் திறந்துவிட்டால் இன்னும் நல்லது.

என் பத்தாவது புகாரை நேற்று பதிவு செய்திருக்கிறேன். சோதித்துப் பார்க்கப் பகல் பதினொரு மணிக்குக் கூப்பிடாதீர்கள், அப்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். இரவு ஒன்பதுக்குக் கூப்பிடுங்கள். ஆட்டத்தில் இருந்தாலும் எடுக்கிறேன்.