கூழன் சக்கையும் உன் புதிய ஓவனும்

களியக்காவிளை,
மே மாதக் கடைசி.

அன்புள்ள பகவதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் சிகிச்சை முடிந்து நீ மெல்ல நடக்கத் தொடங்கிவிட்டாய் என்பதையும், மகள் வாங்கித் தந்த ஓவனில் மாம்பழக் கேக் செய்து பார்த்ததில் நடுப்பகுதி வேகாமல் களியாகவே நின்றுவிட்டது என்பதையும் ஒரே மூச்சில் எழுதியிருந்தாய். முதல் செய்தி எனக்கு மிகுந்த ஆறுதலைத் தந்தது. இரண்டாவதைப் பற்றித்தான் எழுத நிறைய இருக்கிறது.

மாம்பழச் சதையில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் தண்ணீர். அதை அப்படியே அரைத்து மாவில் ஊற்றும்போது, மாவு வெந்து பிடிப்பதற்கும் முட்டை உறைவதற்கும் தேவையான ஈரத்தைவிட மிக அதிகமான ஈரம் உள்ளே போய்விடுகிறது. போதாததற்கு, பழத்தில் இருக்கும் சர்க்கரையும் நீ போட்ட சர்க்கரையும் சேர்ந்து, மாவு இறுகுவதற்கு வேண்டிய சூட்டை இன்னும் மேலே தள்ளிவிடுகின்றன. ஆகவே மேற்புறம் சிவந்து கருகத் தொடங்கிய பிறகும் நடுவில் ஈரம் அப்படியே நிற்கும். இன்னும் பத்து நிமிடம் வைத்திருந்தால் விளிம்பு வறண்டிருக்குமே தவிர நடு வெந்திருக்காது. ஓவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாம்பழத்தின் மணமும் சூட்டில் சட்டென்று ஆவியாகிவிடும் வகையைச் சேர்ந்தது. வீடெல்லாம் மணக்கும், கேக்கில் நிறம் மட்டும் மிஞ்சும். நல்ல மாம்பழம் கிடைத்தால் நறுக்கித் தின்பதுதான் அதற்கு நாம் செய்யும் மரியாதை என்று நான் நினைக்கிறேன்.

கேக்கில் பழம் சேர்க்க வேண்டுமானால், தண்ணீரை முன்பே வற்றச்செய்த பழத்தைச் சேர்க்க வேண்டும். உலர்ந்த திராட்சையும் பாகில் ஊறிய பப்பாளியும் தலைமுறை தலைமுறையாகக் கேக்கில் நிற்பதற்கும், வற்றவைக்காத பழம் நிற்காமல் போவதற்கும் காரணம் இதுதான். நம் ஊரில் இந்த வேலைக்கென்றே பிறந்ததைப்போல ஒரு பொருள் பரணி ஜாடியில் இருக்கிறது: சக்கை வரட்டி, அதாவது பலாப்பழக் கூழை வெல்லத்தோடு சுண்டக் கிண்டியது. அதை ரொட்டியில் தடவித் தின்னவும் பாயசத்தில் கரைக்கவும் மட்டுமே நாம் பழகியிருக்கிறோம். இரண்டு ஆண்டுகளாக நான் அதைக் கேக்கில் போட்டு வருகிறேன். இப்போது பேரப்பிள்ளைகள் வேறு கேக் கேட்பதில்லை.

இந்த ஆண்டு வரட்டி கிண்டி முடித்துவிட்டேன். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடிப்பதற்கு முன் முடித்தாக வேண்டும் என்பது உனக்குத் தெரியும். மழை நனைந்த சக்கை தண்ணீர் கோத்து இனிப்பிழந்துவிடும், அதைக் கிண்டினால் விறகுதான் செலவாகும். எனக்குக் கிடைத்த பழங்களில் பாதி, உங்கள் பழைய விளைத் தோட்டத்தில் கிணற்றடியில் நிற்கும் அந்தக் கூழன் (சுளை குழைந்துபோகும் பலா) மரத்துடையவை. விளையை வாங்கியவர் மரத்தைத் தடிக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். காய்ப்பு முழுவதையும் நான் விலைக்கு எடுத்துக்கொண்டதால், வெட்டுகிற பேச்சு அடுத்த கோடைக்குத் தள்ளிப்போயிருக்கிறது. 2018-இல் கேரளம் பலாவைத் தன் மாநிலப் பழமாக அறிவித்தது. நம் தமிழ்நாட்டுக்கும் பலாதான் மாநிலப் பழம். எல்லையின் இருபுறமும் இத்தனை மரியாதை இருந்தும் அது கெட்டிச் சுளையுள்ள வருக்கைப் பலாவுக்கு மட்டுமே கிடைக்கிறது. கூழனை யாரும் விலைக்குக் கேட்பதில்லை, பழுத்து விழுந்து அணிலுக்கும் ஈக்கும் ஆகிறது. என் தம்பி, வயதான ரப்பரை வெட்டிய இடத்தில் ரம்புட்டான் நட்டிருக்கிறான், வரப்போரத்தில் ஒரு கூழனை விட்டுவை என்று நான் சொன்னதற்குச் சிரிக்கிறான்.

வரட்டிக்குக் கூழனே சிறந்தது என்பது என் உறுதியான எண்ணம். வருக்கைச் சுளை கடினமானது, அரைத்தாலும் திப்பி தட்டும், நெடுநேரம் வேக வைக்க வேண்டும். கூழனோ கையால் பிசைந்தாலே குழைந்துவிடும். நார் அதிகம் என்பது உண்மைதான், ஆனால் சிறிது தண்ணீர் விட்டு வேக வைத்துக் கண்ணறைச் சல்லடையில் தேய்த்தால் நார் மேலே நின்றுவிடும். வடிந்த கூழ் ஒரு கிலோவுக்கு வெல்லம் முக்கால் கிலோ என்பது என் கணக்கு. வெல்லத்தைத் தனியே உருக்கி மண் போக வடிகட்டி ஊற்றி, வெண்கல உருளியில் விறகுத் தீயில் கிண்டத் தொடங்கினால், முதல் ஒரு மணி நேரம் கவலையில்லை. பிறகு அது இறுக இறுகக் கொதித்துத் தெறிக்கும். அந்தத் தெறிப்பு தோலில் ஒட்டிக்கொண்டு சுடும் என்பதால் நீண்ட பிடியுள்ள சட்டுவம் வேண்டும், முழங்கை வரை துணி சுற்றிக்கொள்ளவும் வேண்டும். நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாகவே விட வேண்டும். விட்ட நெய் மறுபடி வெளியே கசியத் தொடங்கி, ஒரு துளியை உருட்டினால் விரலில் ஒட்டாமல் உருண்டு வரும்போது இறக்கி, சுக்கும் ஏலமும் தூவலாம். உன் முழங்கால் இப்போது இருக்கும் நிலையில் இந்த வேலைக்கு நீ இறங்க வேண்டாம். பங்கு நான் அனுப்புகிறேன்.

வரட்டி ஓராண்டு கெடாமல் இருப்பதற்கு எந்தப் பொடியும் காரணமில்லை. மிஞ்சியிருக்கும் கொஞ்சத் தண்ணீரையும் சர்க்கரை இறுகப் பற்றிக்கொள்வதால், கிருமிகளும் பூசணமும் குடிக்க எதுவும் கிடைப்பதில்லை. கடையில் விற்கும் ஜாமில், கரைந்திருக்கும் திடப்பொருள், பெரும்பாலும் சர்க்கரை, 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று நம் உணவுப் பாதுகாப்பு விதி சொல்வதும் இதற்காகத்தான். ‘உடம்புக்கு நல்லது’ என்று சர்க்கரையைப் பாதியாகக் குறைத்து ஜாம் செய்து அலமாரியில் வைப்பவர்களைப் பார்க்கிறேன். குறைப்பது அவரவர் விருப்பம், ஆனால் அதற்குப் பிறகு அதன் இடம் குளிர்பதனப் பெட்டி.

ஜாம் செய்யும் எண்ணம் இருப்பதாக நீ எழுதியிருந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஜாம் உறைவதற்குப் பழத்தில் இருக்கும் பெக்டின் என்னும் பசையும் சர்க்கரையும் புளிப்பும் மூன்றும் சேர வேண்டும். சக்கைக்கும் வாழைக்கும் புளிப்பு மிகக் குறைவு. எலுமிச்சைச் சாறு விடாமல் செய்தால் அது உறையாது, பாதுகாப்பும் இல்லை. காற்றுப் புகாமல் மூடிய பாட்டிலில் புளிப்புக் குறைந்த பண்டம் (புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 4.6-க்கு மேல் இருப்பது) நஞ்சு உண்டாக்கும் கிருமிக்கு இடம் கொடுத்துவிடும், அது மூக்குக்கும் நாக்குக்கும் தெரியாமல் போகலாம். பெக்டின் வேண்டுமென்றால் கடைக்குப் போக வேண்டியதில்லை: சுளைகளுக்கு நடுவே நிற்கும் சவிணியை நாம் மாட்டுக்குப் போடுகிறோமே, அதை நறுக்கித் தண்ணீரில் வேக வைத்து வடித்தால் வழவழப்பான சாறு வரும், அதில் இருப்பது பெக்டின்தான். கோயம்புத்தூரில் கொய்யா எளிதில் கிடைக்கும் என்பதால், சிறிது செங்காயாக இருக்கும் கொய்யாவையும் அப்படியே பயன்படுத்தலாம்; முற்றப் பழுத்ததில் பெக்டின் சிதைந்துபோயிருக்கும். வெப்பமானி வைத்துப் பார்ப்பதானால், ஜாம் இறக்கும் சூடு தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட ஏறத்தாழ 5 டிகிரி மேல். இங்கே எங்களுக்கு அது 105. உங்கள் ஊர் கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீரே ஒன்றரை டிகிரி முன்னதாகக் கொதிக்கும். 103-ஐத் தாண்டியதும் தட்டில் ஒரு துளி விட்டுப் பார், 105 வரும் என்று காத்திருந்தால் கல்லாகிவிடும்.

வாழைப்பழக் கேக்குக்கு மட்டி வாழை வாங்கி அனுப்பட்டுமா என்று அண்ணன் கேட்டதாக எழுதியிருந்தாய். வேண்டாம் என்று சொல். கன்னியாகுமரி மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அதை எங்கெல்லாமோ அனுப்புகிறார்கள், ஆனால் அதன் அருமை அந்த மெல்லிய மணத்தில் இருக்கிறது, ஓவனின் சூட்டில் அது நிற்காது. கேக்குக்கு நேந்திரன்தான் சரி. நன்றாகப் பழுத்த பிறகும் அதில் மாவுத்தன்மை மிச்சமிருப்பதால் மற்ற வாழையைப்போலத் தண்ணீராகக் கலங்காது. தோல் கறுத்துச் சுருங்கும் வரை விட்டுப் பிறகு எடுத்துக்கொள்.

கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் அதற்கான பப்பாளியை இப்போதே பாகில் போடலாம். முற்றிய காயைச் சதுரமாக நறுக்கி, கண்ணாடிபோல் ஆகும் வரை வேக வைத்து, முதலில் மெல்லிய பாகில் போட வேண்டும். ஒவ்வொரு நாளும் பாகை மட்டும் வடித்துச் சற்றே முறுக்கி மீண்டும் ஊற்ற வேண்டும். அவசரப்பட்டுத் தொடக்கத்திலேயே கெட்டிப் பாகில் போட்டால், பாகு உள்ளே போவதற்கு முன் காயின் தண்ணீர் வெளியே ஓடி, துண்டு தோலாகச் சுருங்கிவிடும். கேக்குக்கு எந்தப் பழம் என்பதில் நம் பக்கத்தினர் எப்போதும் கையில் கிடைத்ததை நம்பியவர்கள். தலச்சேரியில் 1883-இல் மம்பள்ளி பாப்பு என்ற ரொட்டிக்கடைக்காரர், பிரவுன் என்னும் தோட்டத்துரைக்காகக் கிறிஸ்துமஸ் கேக் சுட்ட கதையை நீ கேட்டிருப்பாய். துரை பிரெஞ்சு பிராந்தி சேர்க்கச் சொல்ல, பாப்பு கொல்லாம்பழத்திலும் (முந்திரிப்பழம்) கதலிப்பழத்திலும் வடித்த நாட்டுச் சரக்கை ஊற்றினாராம், துரையும் மெச்சினாராம். இந்தியாவில் சுட்ட முதல் கிறிஸ்துமஸ் கேக் அதுதான் என்று அங்கே சொல்வார்கள்.

இனி வரட்டிக் கேக்கின் அளவு. மைதா 200 கிராம், வரட்டி 200 கிராம், வெண்ணெய் 120 கிராம், சர்க்கரை 70 கிராம், முட்டை மூன்று, புளித்த தயிர் கால் டம்ளர், சோடா உப்பு அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. வரட்டியைத் தயிரில் நன்றாகக் கரைத்துக்கொள்வதுதான் இதில் உள்ள ஒரே சிரமமான வேலை. கட்டி நின்றால் அந்த இடம் மட்டும் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். வெண்ணெயையும் சர்க்கரையையும் வெளுக்கக் கடைந்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து, பிறகு வரட்டியும் சோடா உப்புக் கலந்து சலித்த மாவும் சேர்த்து, அதிகம் கிளறாமல் தட்டில் ஊற்று. வெல்லம் சீக்கிரம் சிவக்கும் என்பதால் 180 வேண்டாம், 160 டிகிரி போதும். முக்கால் மணி நேரம் கழித்து ஈர்க்குச்சி குத்திப் பார். இங்கே சந்தையடியில் விறகுப் போர்மா (ரொட்டி சுடும் அடுப்பு) வைத்திருக்கும் பேக்கரிக்காரரிடம் ஒருமுறை மாவைக் கொடுத்துச் சுடச் சொன்னேன், ரொட்டி எடுத்த பிறகு தணிந்திருந்த சூட்டில் வைத்துத் தந்தார். மேற்பொருக்கு மெல்லியதாக, உள்ளே ஒரே சீராக வந்தது. மின்சார ஓவனில் அந்த அளவுக்கு வருவதில்லை. கீழ்க் கம்பியை மட்டும் எரியவிட்டுக் கடைசிப் பத்து நிமிடம் மேல் கம்பியையும் போட்டால் ஓரளவு நெருங்கலாம்.

அடுத்த வாரம் தம்பி மகன் வேலைக்காகக் கோயம்புத்தூர் வருகிறான், அவனிடம் ஒரு கிலோ வரட்டி கொடுத்தனுப்புகிறேன். ஈரமில்லாத கரண்டியால் எடு. சில மாதம் கழித்து மேலே வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் உடனே கொட்டிவிடாதே: விரலில் நறநறவென்று மணலாக இருந்தால் அது வெல்லம் பூத்தது, சாப்பிடலாம். பஞ்சுபோல் இருந்தால் பூசணம். மேலாக மட்டும் வழித்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளாமல் முழுவதையும் எறிந்துவிடு. கேக் சுட்ட பிறகு உன் ஓவனில் எத்தனை நிமிடம் பிடித்தது என்று எழுது, மருமகளும் அதே வகை ஓவன் வாங்கப் பார்க்கிறாள்.

அண்ணனுக்கும் மகளுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
ஸ்டெல்லா